மேல்பாதி மாமாவுடையது

மாமா மன்னாரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த சாக்கு மூட்டைக்குள் கருவாடுதான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அப்படிப் புகை மணம் அடித்தது. கற்பிட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கருவாடு காய்கிறது. இங்கே குடியிருந்துகொண்டு மன்னாரிலிருந்து கருவாடு சுமந்து வருகிற மனிதரை என்ன செய்வது என்று மாமி வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"சும்மா இருங்க," என்றார் மாமா. "இது பொரிக்கிற சாமான் இல்ல."

சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே பனையோலைப் பாய்த் துண்டு. அதற்குள் பழைய சாரன் துணி. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின்.

மாமா என் மனைவியின் வாப்பா. ஒரு காலத்தில் மன்னார்ப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்றவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்காலத்தில் இயக்கத்துக்காரர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது மாமியையும் பிள்ளைகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரையில் வந்து இறங்கினார். மோட்டார் சைக்கிள் முற்றத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கத்தோலிக்கர், கடலுக்குப் போகிறவர், மாமாவின் வயதுக்காரர். வண்டியை யார் யாரோ பிரித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, எஞ்சினையாவது காப்பாற்றுவோம் என்று கழற்றி, பாயில் சுற்றி, தன் குசினிப் பரணில் ஏற்றிவிட்டார். அடுப்புப் புகை பிடித்துப் பிடித்து அது துருவே இல்லாமல் கிடந்திருக்கிறது. "உன்ட சாமான் ஒண்டு என்னட்ட இரிக்கு, வந்து எடு" என்று அவர் போனில் பல தடவை சொல்லியும் மாமா போகவில்லை. மாமி விட்டுவிட்டு வந்த பழைய அலுமாரியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாராம். அலுமாரியைக் கொண்டுவந்தால் இங்கே எங்கே வைப்பது என்பது அவருடைய கவலை. போன வருடம் அந்த வீட்டுப் பேத்தியின் கல்யாணத்துக்குப் போனபோதுதான் பரணைக் காட்டியிருக்கிறார்கள்.

"எஞ்சின எடுத்து வச்ச மனிசனுக்கு என்ட அலுமாரிய எடுத்து வைக்கத் தோணல்லயே," என்றார் மாமி.

என் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும். கற்பிட்டியில் வலை, நூல், மிதவை விற்கிற கடை எனக்கு. பழைய மோட்டார் சைக்கிள் மேல் உள்ள ஆசையில் எத்தாளையில் ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் ஒன்றை வாங்கியிருந்தேன். மாமாவிடம் இருந்த வண்டியும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே உருவம். என்னுடையது சில வருடம் இளையது, அவ்வளவுதான். பெட்ரோலோடு ஒயில் கலந்து ஊற்றவேண்டிய ரகம். கூட்டாளி ஒருவர் இரவல் கேட்டார், கொடுத்தேன். அவர் ஒயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் பறந்தார். பாலாவி வருவதற்குள் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது.

முந்தலில் கராஜ் வைத்திருக்கிற சிங்கள மெக்கானிக் பாஸ் ஒருவர் அதைக் கழற்றி, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பூனை பிறாண்டியதுபோல இருக்கிறது என்றார். ஏற்கெனவே கடைந்து கடைந்து சுவர் மெலிந்துவிட்டது, இனிக் கடைய இடமில்லை, வேறு சிலிண்டர் தேடுங்கள் என்றார். தேடினேன், கிடைக்கவில்லை. வண்டி வேலியோரம் நின்றது. பொழுது சாய்ந்ததும் கோழிகள் சீட்டில் வரிசையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் மனைவி அதைக் கோழிக்கூடு என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

ஆகவே அந்தச் சாக்கு அவிழ்ந்தபோது நான் நினைத்தது ஒன்றுதான். என் வண்டிக்கு எஞ்சின் வந்துவிட்டது! மாமா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வேலியோரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "என்ட எஞ்சினுக்கு ஒரு வண்டி கிடைச்சிட்டுது."

அடுத்த நாள் காலையில் இருவருமாக எஞ்சினைத் தூக்கி என் வண்டியின் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தோம். முன்பக்கத்து போல்ட் கச்சிதமாகப் பொருந்தியது. பின்பக்கத்து போல்ட்டுக்கு ஓட்டை இல்லை. ஓட்டை இருக்கவேண்டிய காது உடைந்துபோயிருந்தது.

"மாமா, இது எப்ப உடைஞ்சது?"

"எது?"

"இந்தக் காது."

"அது எப்பவுமே அப்படித்தான்."

"உடைஞ்ச இடம் பளபளண்டு இரிக்கே."

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பரணால இறக்கக்குள்ள கொஞ்சம் வழுக்கிச்சு. கொஞ்சம்தான்."

முதல் நாள் எல்லோருக்கும் எஞ்சினைக் காட்டியபோது அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் தன் காலோடு ஒட்டி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. மீனின் நல்ல பக்கத்தை மேலே வைத்து அடுக்குகிறவர்களுக்கு நடுவில் கடை நடத்துகிறவன் நான். என்னையே ஏமாற்றிவிட்டார்.

முந்தல் பாஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். காதை ஒட்டலாம், ஆனால் அந்தக் காலத்து அலுமினியம், ஓடுகிற குலுக்கலில் திரும்ப வெடிக்கும் என்றார். ஆக, மாமாவுடைய எஞ்சினின் அடிப்பாதி உதவாது. என்னுடையதன் மேல்பாதி உதவாது. அவருடைய சிலிண்டர், பிஸ்டன், மேல்மூடி எல்லாம் கடையில் வாங்கியதுபோல இருந்தன. பிளக்குக்கு நெருப்பு அனுப்புகிற மெக்னட் தட்டும் நன்றாக இருந்தது. என்னுடைய மெக்னட் தட்டு வர வரச் சோர்ந்துகொண்டு வந்த ஒன்று. அவருடைய நல்லவைகளைக் கழற்றி என் அடிப்பாதியில் பூட்டினால் ஒரு முழு எஞ்சின் தேறும். இதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லை. அந்த முழு எஞ்சின் யாருடையது என்பதில்தான் இருந்தது.

"மேல்பாதி ஆர்டயோ வண்டி அவருக்கு," என்றார் மாமா.

"கியர் என்ட, கிளச் என்ட. டயர், டாங்கி, சீட் எல்லாம் என்ட, மாமா."

"உசிர் மேலதானே இரிக்கு, மருமகன். அடியில என்ன இரிக்கு? வெறும் கால்."

"கால் இல்லாட்டி உசிர் எங்க போகும்?"

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "முதல்ல அது ஓடட்டும். ஓடினாப் பிறகு அடிபடுங்க."

பழைய கட்டில் விரிப்பு ஒன்றை முற்றத்தில் விரித்து இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழற்றினோம். இடதுபக்கம் மாமாவுடையவை, வலதுபக்கம் என்னுடையவை என்பது ஒப்பந்தம். கோழிகளுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. பகல் சாப்பாட்டுக்கு எழுந்து போய்வருவதற்குள் விரிப்பின் மேல் நடந்து கிளறி, மினுங்குகிற வாஷர்களைக் கொத்திப் பார்த்து, எல்லாவற்றையும் கலந்துவிட்டிருந்தன. அதன் பிறகு எந்த ஸ்குறூ யாருடையது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மாமா மட்டும் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். புகை மணம் அடித்தால் அவருடையது.

பிஸ்டனைப் பூட்டுகிற நாளில்தான் மாமி தலையிட்டார். பிஸ்டனைக் கம்பியோடு இணைக்கிற ஊசி, பிஸ்டன் சூடாக இருந்தால்தான் சுலபமாக உள்ளே போகும். மாமாவுக்கு இது தெரியும். ஆகவே குசினிக்குள் போய், மாமியின் தாச்சியை அடுப்பில் ஏற்றி, தேங்காயெண்ணெய் விட்டு, பிஸ்டனை அதற்குள் இறக்கிவிட்டுக் கரண்டியோடு காவல் நின்றார். மாமி லுஹர் தொழுதுவிட்டு வந்தார்.

"என்ன பொரியுது?"

"பிஸ்டன்."

மாமி எட்டிப் பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று நான் வெளிப்பக்கமாக நகர்ந்தேன்.

"திருப்பிப் போடுங்க," என்றார் மாமி. "ஒரு பக்கம் கருகுது."

அதோடு அந்தத் தாச்சி எங்களுக்கே சொந்தமாகிவிட்டது. மாமி அதை மறுபடி தொடவில்லை. அதில் இனி மீன் பொரித்தால் மீன் முழங்கும் என்றார்.

பூட்டி முடிந்தபோது ஒரு கை நிறைய ஸ்குறூ மிஞ்சியிருந்தது. நான் அதை மாமாவிடம் நீட்டிக் காட்டினேன். இரண்டு எஞ்சினைக் கழற்றி ஒன்றைப் பூட்டினால் மிஞ்சத்தானே செய்யும் என்று மாமா ஆறுதல் சொன்னார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பிஸ்மில்லா சொல்லி, நான் கிக்கை உதைத்தேன். கிக் என்னைத் திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே நெருப்புப்போல எரிந்தது. மறுபடி உதைத்தேன், மறுபடியும் அதுவும் உதைத்தது. அடுத்த தடவை படாரென்று ஒரு வெடி. வெடியோடு எஞ்சின் முழங்கத் தொடங்கிவிட்டது. சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பி முற்றத்தை நிறைத்தது. அத்தனை வருடத்துக் குசினிப் புகையும் சேர்ந்து வெளியே வந்தது என்று நினைக்கிறேன், கருவாடு சுட்ட மணம். மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கிரீஸ் கை என் வெள்ளிக்கிழமைச் சட்டையின் முதுகில் முழுசாகப் பதிந்தது.

முதல் ஓட்டம் மாமாவுக்கு என்று விட்டுக்கொடுத்தேன். அசர் தொழுகைக்குப் பிறகு அவர் வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். வண்டியை வீட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்தினோம். செய்தி பரவி அக்கம்பக்கத்தவர்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். முன் வீட்டுக்காரர் வெங்காயச் செய்கைக்காரர். அறுவடை முடிந்து தெருவோரம் சாக்கு விரித்து வெங்காயம் காயவைத்திருந்தார், காவலுக்குக் கதிரை போட்டு அவரும் உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது ஒரு தள்ளுத் தள்ளிவிடலாம் என்று நான் வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

மாமா கிளச்சைப் பிடித்து முதலாம் கியரைப் போட்டார். கூட்டத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். கிளச்சை விட்டார்.

வண்டி பின்னால் வந்தது.

சறுக்கி வரவில்லை. முழுப் பலத்தோடு, முழங்கிக்கொண்டு, நேராக என் மேல் வந்தது. நான் ஒரு பக்கமாகப் பாய்ந்து வெங்காயத்துக்குள் விழுந்தேன். மாமா முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தபடி, பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"மருமகன், இழுக்காதீங்க!" என்று கத்தினார்.

"நான் இழுக்கல்ல, மாமா!"

"விடுங்க எண்டு செல்றன்!"

"நான் வெங்காயத்துக்குள்ள கிடக்கிறன்!"

வண்டி தெருவில் ஒரு வளைவு போட்டு, எங்கள் வேலிப் படலைக்குள் பின்பக்கமாகவே நுழைந்து, கோழிகளைச் சிதறடித்து, குசினிச் சுவரில் மெதுவாக முட்டி நின்றது. மாமி கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"போன கையோட வந்திட்டீங்க?"

மாமா இறங்கினார். காயம் ஒன்றுமில்லை. மானம்தான் கொஞ்சம் தேய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் முதல் வேலையாக, "கியரப் பிழையாப் பூட்டிட்டீங்க," என்றார்.

"கியரக் கழற்றவே இல்லயே, மாமா."

"கியர் அடிப்பாதியில இரிக்கு. அடிப்பாதி உங்கட. அப்ப வண்டியும் உங்கடதான்."

ஒரு கிழமையாக எனக்குத் தர மறுத்த வண்டியை அந்த ஒரு நிமிடத்தில் எனக்கே தந்துவிட்டார். நானும் விடவில்லை. உயிர் மேலே இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள்தானே, புத்தி கெட்டுப்போனால் உயிருக்குத்தான் கெட்டிருக்கும், வண்டி உங்களுடையதேதான் என்றேன். கியரில் கோளாறில்லை என்று காட்டுவதற்காக வண்டியைத் திரும்பத் தெருவுக்குக் கொண்டுவந்து, ஏறி உட்கார்ந்து, வீம்புக்கு இரண்டாம் கியரையே போட்டேன். பின்னால் இன்னும் வேகமாகப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வந்தது. வான் நின்றது. கண்ணாடிகள் இறங்கின. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், கை தட்டினார்கள். இது இந்த ஊர் விளையாட்டு என்று நினைத்திருக்கவேண்டும். வேலியோரத்திலும் ஆளுக்கு ஆள் படம் பிடித்தார்கள். வெங்காயக்காரர் நசுங்கிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே, "பின்னுக்குப் போக இவ்வளவு கியர் இரிக்கே, முன்னுக்குப் போக ஒண்டாவது வச்சீங்களா?" என்று கேட்டார்.

மாமி படலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒரு பிழையும் இல்ல," என்றார். "அது மன்னாருக்குத் திரும்பிப் போகப் பாக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகமாகச் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிப்பாட்டுங்க மருமகன், பெட்ரோல் வீணாப் போகுது," என்றார். நான் நிறுத்தினேன். இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

பொழுது சாய்ந்து மஃரிப் ஆவதற்குள் அந்த வீடியோ முந்தல் வரைக்கும் போய்விட்டது. முந்தலில் என் மனைவியின் தங்கை இருக்கிறாள். அவள் சிரித்து முடித்துவிட்டு அதைப் பக்கத்துக் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். பாஸ் எனக்குப் போன் எடுத்தார். சிரிப்பில் அவருடைய தமிழ் துண்டு துண்டாக வந்தது.

"எஞ்சின் மறுபக்கம் சுத்துது, தம்பி. மெக்னட் தட்டு யார்ட எஞ்சின்ல கழட்டினது?"

"மாமாட பழைய எஞ்சின்ல."

"ஆ, அதுதான். நெருப்பு முந்தி வருது. பிஸ்டன் மேல வந்து சேர முந்தியே அடிக்குது. அப்ப பிஸ்டன் வந்த வழியே திரும்புது. இந்த ரகம் எந்தப் பக்கம் சுத்தினாலும் ஓடும், அதுக்கு வெட்கமில்ல."

மாமா போனை என் கையிலிருந்து பறித்தார். "பாஸ், பிழை ஆர்ட பாதியில?"

"ரெண்டு பாதியும் நல்லம், ஐயா. வயசுதான் வேற வேற."

மாமாவுடைய பழைய தட்டில் ஸ்குறூ போகிற ஓட்டைகளும் என் எஞ்சினில் இருந்த ஓட்டைகளும் ஒரே இடத்தில் இருந்தாலும், தட்டு உட்கார்ந்த கோணம் வேறு. ஓட்டைகளை அரத்தால் நீளமாக்கி, தட்டைக் கொஞ்சம் திருப்பிப் பூட்டவேண்டும். ராவியபோது தட்டு மாமாவுடையது என்பதால் அரத்தைப் பிடிக்க என்னை அவர் விடவில்லை. இரண்டு நாள் ராவினார். கொஞ்சம் திருப்புவார், நான் கிக்கை உதைப்பேன், உதை வாங்குவேன். இன்னும் கொஞ்சம் திருப்புவார். என் கீழங்காலில் நாவற்பழ நிறத்தில் ஒரு வீக்கம். கடைசியில் கிக் திருப்பி உதைக்காமல் அடங்கிப்போய் இறங்கியது. எஞ்சின் முழங்கியது. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. மாமா முற்றத்திலேயே முதலாம் கியரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிளச்சை விட்டார்.

வண்டி முன்னால் போனது. கண்ணை மூடியிருந்ததால் நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்தார். ஆனாலும் முன்னால்தான் போனது.

உடனே மன்னாருக்குப் போன் போட்டார். அந்தக் கத்தோலிக்க நண்பர் பேசியதும், "இந்தா கேள்," என்று போனைச் சைலன்சருக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு எனக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"இது உன்ட வண்டிச் சத்தம் மாதிரி இல்லயே," என்றார் நண்பர். "உன்டது கொஞ்சம் இருமும்."

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அடிப்பாதி மருமகன்ட," என்றார்.

நான் தேத்தண்ணி எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அடுத்த கிழமை முந்தலுக்கு, மகளைப் பார்க்க, மாமியையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலேயே போகப்போவதாக மாமா அறிவித்தார். நானும் மனைவியும் சாமான் பெட்டியோடு ஓட்டோவில் பின்னால் வருவது என்று ஏற்பாடு. மாமி மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் மறுக்கவில்லை, புது அபாயா போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் ஏறுவதற்கு முன்னால் எங்கள் இருவரையும் பார்த்து ஒரு விசயம் சொன்னார். கல்யாணம் முடித்த புதிதில் மன்னாரில் பெட்ரோல் அடிக்க நிறுத்தியபோது மாமி கீழே இறங்கி நின்றாராம். பெட்ரோல் அடித்ததும் மாமா ஏறிப் புறப்பட்டுவிட்டாராம். மாமியைப் பெட்ரோல் செட்டிலேயே விட்டுவிட்டு, பின்னால் இருக்கிறார் என்ற நினைப்பில் வீடு வரைக்கும் கதைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

"நீங்க ஒண்டும் கதைக்காம வந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமா.

"நான் கதைச்சுக்கொண்டுதான் நிண்டன். பெட்ரோல் செட்டில நிண்டு கதைச்சன்."

மாமி இரண்டு கையாலும் மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். இருவர் தலையிலும் பெரிய ஹெல்மட். வண்டி புகை விட்டுக்கொண்டு புறப்பட்டது. களப்புத் தண்ணீர் ஓரமாக, காற்றாலைகளைத் தாண்டி, பாலாவிச் சந்தியில் திரும்பிச் சிலாபம் வீதியில் இறங்கியது. நாங்கள் பின்னால் போனோம். ஹெல்மட்டுக்குள் காது சரியாகக் கேட்காது என்பதால் மாமா வழி நெடுகத் தலையைச் சரித்து உரத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஓட்டோவுக்குள் எங்களுக்கும் கேட்டது.

"இரிக்கிறீங்களா?"

"ஓம், இரிக்கிறன்!"

இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும்.

"இரிக்கிறீங்களா?"

"இரிக்கிறன், ரோட்டப் பாருங்க!"